பால் வாங்கக் கார் எடுக்கும் ஊர்: பிளேனோ ஏன் இப்படி இருக்கிறது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறேன். வயது 66. பால் வாங்கக்கூட மகன் ஆபீஸ் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நடைபாதை அருமையாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு ஆளைக் காணோம். இவ்வளவு வசதியுள்ள நாட்டில் ஊரை ஏன் இப்படிக் கட்டினார்கள்? மக்கள் சோம்பேறிகளா? நான் எங்கேதான் நடப்பது?

பதில்:

ஐயா, வந்த புதிதில் நானும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். பதினெட்டு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். புது மனைப்பிரிவுகளுக்கு மழைநீர் வடிகால் வரைவது என் தொழில். வீடும் தெருவும் வருவதற்கு முன், வெறும் வயலாக இருக்கும்போதே நிலத்தைப் பார்த்துவிடுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் மகன் வீட்டுக்கும் பால் கடைக்கும் இடையே உள்ள தூரம் தானாக வந்ததில்லை. வரைபடத்தில் அளந்து வைத்தது.

என் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே முதன்முதலில் ஒரு வயலில் மண் பரிசோதனைக்குக் குழி போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கரிசல்! மழையில் காலோடு ஒட்டி வருகிற, வெயிலில் விரல் நுழையும்படி வெடிக்கிற அதே கறுப்பு மண். அந்த மண்ணில் அவர்களும் பருத்திதான் போட்டார்கள். 1872-ல் டாலஸிலிருந்து வடக்கே ரயில் வந்தது, 1888-ல் கிழக்கு மேற்காக இன்னொரு ரயில். இரண்டு தண்டவாளமும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன சந்தை ஊராகத்தான் பிளேனோ இருந்தது. 'பிளேனோ' என்றால் ஸ்பானிய மொழியில் சமவெளி என்று நினைத்துப் பெயர் வைத்தார்களாம். சரியான சொல் வேறு. இருந்தாலும் ஊர் தட்டையாக இருப்பதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

1908 முதல் 1948 வரை பிளேனோ வழியாக டாலஸுக்கு மின்சார ரயில் ஓடியது. அதாவது ஜனத்தொகை சில ஆயிரம் இருந்த காலத்தில் கார் இல்லாமல் டாலஸ் போய்வர முடிந்தது. ரயிலை நிறுத்தியபோது ஊர் இன்னும் பருத்திக் கிராமம்தான். 1960-ல் மக்கள்தொகை 3,695. ஆகவே ஊர் பெருத்து ரயிலை விழுங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ரயில் போன பிறகுதான் ஊரே பெருத்தது. இன்றைய பிளேனோவுக்குக் காருக்கு முந்தைய பழக்கம் என்று ஒன்று கிடையாது.

டாலஸிலிருந்து வடக்கே வரும் 75-ம் எண் நெடுஞ்சாலையின் நகரப் பகுதி, சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வே, 1949 முதல் பகுதி பகுதியாகத் திறந்தது. பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட சாலை. வழியில் ஃப்ரீட்மன்ஸ் கல்லறைத் தோட்டம் என்று அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம் ஒன்று இருந்தது. அதன் ஒரு பகுதி மேலேயே சாலை போட்டுவிட்டார்கள். 1990-களில் சாலையை அகலப்படுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடத்தில் மறு அடக்கம் செய்ய வேண்டி வந்தது. உங்கள் மகன் டாலஸுக்கு அழைத்துப் போகும்போது வலது பக்கம் லெம்மன் அவென்யூ வெளிவழி வரும். அந்த வட்டாரத்தில்தான் அதன் நினைவிடம் இருக்கிறது.

அந்தச் சாலை ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பது அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934-ல் கூட்டரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர ஆரம்பித்தது. போர் முடிந்து வந்த வீரர்களுக்கு 1944-ல் தனிச்சட்டம். முன்பணம் மிகக் குறைவு, தவணை நீளம். ஆனால் கடன் விதிகள் புதிய தனி வீட்டுக்கு, அதுவும் வெள்ளையர் மட்டும் வாழும் புதுப் பகுதிக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதி 'ஆபத்தான முதலீடு' என்று குறிக்கப்பட்டது. 1956-ல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதத்தைக் கூட்டரசே ஏற்றது. கடனும் சாலையும் இப்படி ஒரே திசையில் தள்ளினால் ஜனம் எங்கே போகும்? ஊருக்கு வெளியேதான்.

பிளேனோவுக்கு இதோடு இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று, தெற்கே பக்கத்திலேயே மின்னணுத் தொழில். ஜாக் கில்பி 1958-ல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்த 75-ம் சாலையோரம்தான் இருக்கிறது. பிளேனோவுக்குத் தெற்கே ஒட்டிய ரிச்சர்ட்சன் ஊரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. பொறியாளர்களுக்கு வீடு வேண்டும். இரண்டாவது, பள்ளிக்கூடம். 1971-ல் டாலஸ் நகரப் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கக் கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. வெள்ளைக் குடும்பங்கள் பல, எல்லை தாண்டி வேறு பள்ளி மாவட்டத்துக்குக் குடிபோயின. பிளேனோ பள்ளி மாவட்டம் டாலஸோடு சேர்ந்ததில்லை, ஆகவே அந்த உத்தரவு இங்கே செல்லாது. 1970-ல் 17,872 பேர் இருந்த ஊரில் 1980-ல் 72,331 பேர். 2000-ல் 2,22,030. இன்று அந்த ஊரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆசிய வம்சாவளி, நம் ஆட்கள் உட்பட. நாமும் 'நல்ல ஸ்கூல்' என்று கேட்டுத்தான் வந்தோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு பழைய கணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது.

இனி உங்கள் பால் விஷயம்.

பிளேனோவின் வரைபடத்தைப் பார்த்தால் பெரிய சாலைகள் ஏறத்தாழ மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருக்கும். பார்க், பார்க்கர், ஸ்பிரிங் கிரீக் என்று கிழக்கு மேற்கு. கஸ்டர், இண்டிபெண்டன்ஸ், காய்ட் என்று வடக்கு தெற்கு. பெரும்பாலானவை ஆறு தடம், நடுவில் புல்மேடு. உள்ளே கட்டத்துக்குள் தெருக்கள் வளைந்து வளைந்து போகும், பல முட்டுச்சந்தில் முடியும். வீடுகளின் பின்னால் ஒரு சந்து, கார் கொட்டகை அந்தப் பக்கம். பெரிய சாலையை ஒட்டி நீளத்துக்குச் செங்கல் மதில். கட்டத்தின் நடுவில் ஆரம்பப் பள்ளியும் பூங்காவும். நான்கு மூலைகளில் கடைகள்.

இது யாரோ தூக்கத்தில் வரைந்தது இல்லை. 1929-ல் கிளாரன்ஸ் பெரி என்பவர் 'அக்கம்பக்க அலகு' என்றொரு கருத்தை முன்வைத்தார். நடுவில் பள்ளிக்கூடம், ஓரத்தில் போக்குவரத்துச் சாலை, மூலையில் கடை. குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலேயே பள்ளிக்கு நடக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் நினைத்தது 160 ஏக்கர், நடை கால் மைல். இங்கே மைல் கட்டம் என்பது 640 ஏக்கர். நான்கு மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டத்தின் நடுவில் வீடு இருந்தால் மூலைக் கடைக்கு நேர்க்கோட்டில் 1.1 கிலோமீட்டர். காக்கை போகலாம். மனிதன் தெரு வழியே போனால் குறைந்தது 1.6. தெரு வளைந்து, மதில் மறித்து, எதிர்மூலையில்தான் பால் கடை என்றால் ஆறு தடத்தையும் கடக்க வேண்டும். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வரும் சாலையில் ஏறத்தாழ முப்பது மீட்டர். திரும்பி வரும்போது கையில் ஒரு காலன் கேன், கிட்டத்தட்ட நான்கு கிலோ. கவனித்தீர்களா, அரை லிட்டர் பாக்கெட்டே இந்த ஊரில் கிடையாது. பால் கேனின் அளவும் கார் டிக்கிக்கும் பெரிய ஃபிரிட்ஜுக்கும்தான் பொருந்தும்.

ஆக, இந்த ஊரில் நடப்பதற்கென்று யோசிக்கப்பட்ட ஒரே மனிதர் ஆறிலிருந்து பதினோரு வயதுக் குழந்தை. அதுவும் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும். மற்ற எல்லோரும் கார் ஓட்டத் தெரிந்த, ஓட்டும் உடம்புள்ள, முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கும் ஆள் என்றே கணக்கு. பதினாலு வயதுப் பெண்ணும் 66 வயது அப்பாவும் அந்த வரைபடத்தில் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் சுருக்கமான பதில் இதுதான்: பிளேனோ ஒரு இடத்துக்காகக் கட்டியதைவிட ஒரு வயதுக்காகக் கட்டிய ஊர்.

மூலைக்கடை ஏன் மூலையில் மட்டும், உங்கள் தெருவிலேயே ஒரு அண்ணாச்சி கடை ஏன் இல்லை? சட்டம் விடாது. ஒரு பகுதியில் வீடு மட்டும், இன்னொன்றில் கடை மட்டும் என்று நிலத்தைப் பிரிக்கும் அதிகாரத்தை 1926-ல் ஒஹையோ மாநில யூக்ளிட் கிராம வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்பிறகு நாடு முழுக்க அதுதான் நடைமுறை. தன் வீட்டு முன்னறையில் பால் விற்க உங்கள் மகனுக்கு ஆசை வந்தாலும் முடியாது.

கடையின் முன்னால் ஏன் அவ்வளவு பெரிய தார் மைதானம்? அதுவும் விதி. 200 அல்லது 250 சதுர அடிக் கடைக்கு ஒரு கார் நிறுத்தம் என்பது இத்தகைய ஊர்களில் வழக்கமான கணக்கு. ஒரு காருக்கு, வண்டி திரும்பும் வழியோடு சேர்த்து, 300 சதுர அடிக்கு மேல் போகும். அப்படியானால் ஐம்பதாயிரம் சதுர அடி மளிகைக் கடைக்கு அதைவிடப் பெரிய வெயில் மைதானம் கட்டாயம். அந்த மைதானத்தில் விழும் மழை முழுவதும் ஓடையில் பாயும், அதைப் பிடிக்க ஒரு குட்டை வெட்ட வேண்டும். அந்தக் குட்டைக்கு வரைபடம் போட்டுத்தான் என் பிழைப்பு ஓடுகிறது, ஆகவே ரொம்பத் திட்டவும் முடியவில்லை.

சரி, அப்புறம் வேலை. முதலில் பிளேனோ டாலஸுக்கு வேலைக்குப் போய்வரும் படுக்கையறை ஊராக இருந்தது. ராஸ் பெரோ தன் கணினிச் சேவை நிறுவனமான ஈ.டி.எஸ்.ஸுக்காக ஊரின் வடமேற்கில் ஏறத்தாழ 2,600 ஏக்கரில் லெகசி என்ற வளாகத்தை உருவாக்கியதும் நிலைமை மாறியது. ஃபிரிட்டோ-லே வந்தது. நியூயார்க்கிலிருந்து ஜே.சி. பென்னி 1980-களின் இறுதியில் வந்தது. டொயோட்டா 2014-ல் அறிவித்து, கலிபோர்னியாவிலிருந்து தலைமையகத்தையே 2017-ல் இங்கே மாற்றியது. இப்போது காலை நெரிசல் புறநகரிலிருந்து நகரத்துக்கு மட்டும் போவதில்லை. ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்கு, எல்லாத் திசையிலும். ரயில் விட்டுச் சமாளிக்க முடியாத போக்குவரத்து இதுதான். ரயிலுக்கு ஒரே தடத்தில் ஆயிரம் பேர் போக வேண்டுமே.

ரயில் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டார்ட் என்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் சிவப்புத் தடம் 2002-ல் பிளேனோ வந்தது. 1872-ல் வந்த அந்தப் பழைய ரயிலின் பாதையிலேயே. 2025 அக்டோபரில் விமான நிலையத்திலிருந்து வெள்ளித் தடம் வந்தது, அது 1888-ன் பழைய பருத்தி ரயில் பாதை. சிக்கல் என்னவென்றால் தண்டவாளம் பருத்திக் காலத்து இடத்தில், ஊரின் கிழக்கே இருக்கிறது. வேலை லெகசியில், நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே.

பக்கத்து பிரிஸ்கோவுக்கு அதுவும் இல்லை. காரணம் சுவையானது. டெக்சாஸில் விற்பனை வரி 8.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2. அந்த இரண்டில் ஒன்றைப் பிளேனோ டார்ட்டுக்குக் கொடுக்கிறது. கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற சேவை இல்லை என்று நகரம் அடிக்கடி புலம்பும். பிரிஸ்கோ அந்த ஒன்றை அரை அரையாகப் பிரித்துத் தொழில் வளர்ச்சிக்கும் சமூக வளர்ச்சிக்குமான இரண்டு கழகங்களுக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனிகளையும் விளையாட்டு அரங்கங்களையும் இழுத்து வர அந்தப் பணம் உதவியது. டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகமே அங்கே வந்துவிட்டது. பேருந்துக்கென்று கொடுக்க மிச்சம் இல்லை. 1990-ல் 6,141 பேர் இருந்த பிரிஸ்கோவில் 2020-ல் இரண்டு லட்சம் பேர்.

இந்த வளர்ச்சிக்கு வழிவிட்டது சுங்கச் சாலை. 1968-ல் டாலஸில் தொடங்கிய டாலஸ் நார்த் டோல்வே வடக்கே ஊர்ந்து ஊர்ந்து 2007-ல் 380-ம் நெடுஞ்சாலையை எட்டியது. பெட்ரோல் மீதான மாநில வரி காலனுக்கு 20 சென்ட் என்று 1991-ல் வைத்தது அப்படியே நிற்கிறது, கூட்டரசு வரி 18.4 சென்ட் என்று 1993-லிருந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் புதுச்சாலை போட முடியாது. ஆகவே சுங்கம். டோல்வே எட்டும் இடமெல்லாம் நிலம் விலை போகும். பிரிஸ்கோவுக்கு வடக்கே செலைனா 2023 கணக்கில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம், ஒரே ஆண்டில் 26.6 சதவீதம். அடுத்த ஆண்டு அந்தப் பெயர் இதே காலின் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) உள்ள பிரின்ஸ்டனுக்கு. அங்கே சாலையும் தண்ணீரும் ஈடுகொடுக்க முடியாமல் 2024-ல் புதுக் குடியிருப்பு அனுமதிகளையே தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

வடக்கே புதிது கட்டக் கட்ட, தெற்கே என்ன ஆகிறது? ஊரில் பாதி வீடு ஒரே இருபது முப்பது வருட காலத்துக்குள் சேர்ந்தாற்போல் கட்டியது என்றால், பாதிக் கூரையும் பாதிக் குழாயும் பாதி மதிலும் ஒரே சமயத்தில் பழசாகும். குழந்தைகளும் ஒரே சமயத்தில் வளர்ந்து போய்விடுவார்கள். 1981-ல் திறந்த காலின் கிரீக் மால் 2019-ல் மூடியது. பிளேனோ பள்ளி மாவட்டம் 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிள்ளைகள் போதவில்லை. இளம் தம்பதிகளுக்கு இங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, செலைனாவுக்குப் போகிறார்கள். நடுவில் பள்ளிக்கூடம் வைத்து வரைந்த கட்டத்தில் பள்ளியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மதிலும் மூலைக்கடையும்தான். மூலைகளில் கடைக்கு ஒதுக்கிய இடமும் தேவைக்கு மேல். பழைய பெரிய மளிகைக் கடைகளில் இப்போது தேவாலயம், ஜிம், பரதநாட்டிய வகுப்பு, நம் இட்லி மாவுக் கடை. சொன்னால் சிரிப்பீர்கள், ஊரிலேயே எனக்குப் பிடித்த இடங்கள் இந்த இரண்டாங்கைக் கட்டடங்கள்தான். வாடகை குறைவு என்பதால்தான் அங்கே நமக்கு இடம் கிடைத்தது.

கரிசலும் சும்மா இல்லை. கோடையில் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். மகன் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு, செடியே இல்லாத சுவரோரம் தண்ணீர் விட்டிருப்பார், பாருங்கள். அது அஸ்திவாரத்துக்குத்தான். கோவில்பட்டியில் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். வீட்டுக்குத் தண்ணி ஊத்துறானுகளா என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாறுமா என்றால், கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. பிளேனோ 2015-ல் கூடுதல் அடுக்குமாடிகளுக்கு இடம் தரும் ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டது. குடியிருப்போர் வழக்குக்குப் போய், 2020-ல் அது கைவிடப்பட்டது. மூச்சுவிட இடமும் அமைதியும் நல்ல பள்ளியும் வேண்டும் என்று வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர்கள் அவர்கள், அவர்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2025-ல் மாநிலமே தலையிட்டுவிட்டது. பெரிய நகரங்களில் வணிக நிலத்தில் அடுக்குமாடி கட்ட நகரத்தின் தனி அனுமதி வேண்டாம் என்று சட்டம் போட்டது. காலியான மூலைக்கடை மைதானங்களில் வீடு வரலாம். கடைக்குப் பக்கத்தில் வீடு! அறுபது வருடம் கழித்து.

அதெல்லாம் வருவதற்குள் உங்கள் ஆறு மாதம் முடிந்துவிடும். ஆகவே நடக்க வழி சொல்கிறேன். பெரிய சாலையை மறந்துவிடுங்கள். ஓடைக்கரையில் வீடு கட்ட முடியாததால் அங்கே நடைவழி போட்டிருக்கிறார்கள். சிஸம் டிரெயில் ஸ்பிரிங் கிரீக் ஓடையை ஒட்டி மரநிழலில் போகும், பெரிய சாலைகளுக்கு அடியிலேயே பல இடங்களில் கடந்துவிடும். உயர் மின்கம்பிக்குக் கீழே புளூபானெட் டிரெயில், அதில் நிழல் இல்லை, மாலையில் மட்டும் போங்கள். கட்டத்துக்குள் நடப்பதானால் முன்தெருவைவிடப் பின்சந்து சுவாரசியம். கார் கொட்டகை திறந்திருக்கும், நாலு பேர் முகம் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை எட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வாரம் ஒருநாள் மகனிடம் சொல்லி பார்க்கர் ரோடு ரயில் நிலையத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். 65 தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அடுத்த நிலையமே பழைய பிளேனோ. செங்கல் தெரு, பூங்கா, அந்த மின்சார ரயிலின் பழைய நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. காபி கடையும் நடக்கும் தூரத்தில். பால் மட்டும் அங்கே வாங்காதீர்கள், நான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டியிருக்கும்.